முதல் மஞ்சள்

அந்த அக்கா கோபப்பட்டுக் கத்தி நான் பார்த்ததில்லை. கத்துகிற ஆளாக இருந்திருந்தால் பலபேர் தப்பித்திருப்பார்கள். "இருக்கட்டும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். புடவைக்கு மேல் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவார். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டவர் சாயந்திரத்துக்குள் அதை மறந்திருப்பார். அக்கா மறக்க மாட்டார். "எனுக்கு மறதின்னு ஒண்ணு வர்றதே இல்ல தம்பி. டாக்டர்கிட்ட காட்டணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

உத்திரமேரூர் பஜாரில் எங்களுக்கு டைல்ஸ், சானிட்டரி சாமான் கடை. பழைய வீட்டைப் புதுசாக்கிக் கொடுப்பது அக்காவின் தொழில். ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போய் லோன் எடுக்க ஆரம்பித்த பிறகு, சுற்றுப்பட்டு கிராமங்களில் யாருக்கும் இருக்கிற வீடு பிடிக்கவில்லை. ஓட்டை இறக்கித் தளம் போடணும், கொல்லைக்கு ஒதுங்கப் போன காலம் போய் அட்டாச்டு பாத்ரூம் வேணும், முன்பக்கம் எலிவேஷன் வேணும். அந்த வேலையில் சாலவாக்கத்திலிருந்து பழையசீவரம் வரைக்கும் அக்காதான். அவர் தேதி கொடுத்தால்தான் கல்யாணத் தேதியே குறிப்பேன் என்று காத்திருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. முதன்முதலாகக் கடைக்கு வந்து, ஒரு வீட்டுக்கு முழுக்க டைல்ஸ் வேணும், விலை சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார். கல்லாவில் இருந்தது எங்கள் பெரியத்தா, என் அப்பாவின் அண்ணன். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துவிட்டு, மறுபடி பேப்பரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா அனுப்பும்மா, பேசிக்கலாம்" என்றார். பெரியத்தா கெட்டவர் இல்லை. அப்படித்தான் பேசி அவருக்குப் பழக்கம்.

"இருக்கட்டும் பாய்" என்றார் அக்கா.

அதற்கப்புறம் அவருடைய வேலைக்கெல்லாம் சரக்கு செங்கல்பட்டிலிருந்து வந்தது. வந்தால் வந்த வழியே போகலாம் அல்லவா? ஒவ்வொரு லோடும் எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்கும். டிரைவர், ஏற்றுகூலி ஆட்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்கா தன் கிளாஸோடு எங்கள் கடையைப் பார்த்தபடி நின்று நிதானமாகக் குடிப்பார். லாரியில் என்ன டிசைன் டைல்ஸ், எத்தனை பெட்டி என்று பெரியத்தாவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி தார்ப்பாய் விலகியிருக்கும். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பெரியத்தா தானே சாம்பிள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்காவின் சைட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

அக்கா சாரத்தின் மேல் நின்றுகொண்டு, "குந்துங்க பாய், தோ வந்துட்டேன்" என்றார். உட்கார அங்கே மணல் குவியல்தான் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்த பிறகு இறங்கி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"வூட்ல பொம்பளைங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்க பாய், பேசிக்கலாம்."

மறுநாள் பெரியம்மா, கல்யாணமாகி வந்ததிலிருந்து கடைப் படியேறாத பெரியம்மா, புர்காவை மாட்டிக்கொண்டு போய் விலை பேசி முடித்துவிட்டு வந்தார். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. அக்காவிடம் அது ஒரு நல்ல குணம். தீர்ந்தது என்றால் தீர்ந்ததுதான், ரம்ஜானுக்கு முதல் ஆளாக வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

பழி வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மன்னிக்கிறவர்களோடு வியாபாரம் செய்வதுதான் கஷ்டம்; சிரித்துக்கொண்டே வந்து உட்காருவார்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அக்காவிடம் அந்தத் தொல்லை கிடையாது. சந்தோஷமாக இருந்தால் நான் "தம்பி". கோபம் என்றால் "பாய்". ஒரு தடவை உடைந்த டைல்ஸ் பெட்டியைத் தெரியாமல் அனுப்பிவிட்டு மாசக்கணக்கில் பாயாக இருந்தேன்.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வீட்டு ஆம்பளை எலிவேஷன் படத்தை நீட்டுவார். அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். "நீ பாட்டுக்கு சமையல் பண்ணும்மா, நான் பாக்கறேன்" என்று ஓரமாக நிற்பார். அந்தம்மா குனிவது, எக்குவது, இடுப்பைப் பிடித்துக்கொள்வது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவர் முழங்கைக்குத் தகுந்த உயரத்தில் மேடை போடுவார். அவர் சம்பாதித்த பேரெல்லாம் அடுப்படியில் சம்பாதித்தது. ஒரு வீட்டில், டைல்ஸ் கலரைப் பற்றி வாய் திறந்த பெண்டாட்டியை எல்லோர் எதிரிலும் "நீ மூடிக்கினு போடி" என்று அதட்டினார் ஒருத்தர். அக்கா இருக்கட்டும் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். வேலை முடிந்தபோது அந்த வீட்டு வாஷ்பேசின் அந்தம்மா உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. வீட்டுக்காரர் நல்ல உயரம். இன்றைக்கும் அவர் பல் விளக்கும்போது பெண்டாட்டி முன்னால் குனிந்துதான் விளக்குகிறார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்று இருந்தது, அது வாசக்கால் சம்பந்தப்பட்டது.

தலைவாசல் நிலையை நிறுத்துவது எங்கள் பக்கத்தில் பெரிய சடங்கு. நல்ல நேரம் பார்த்து, புது வாசக்காலைக் கிடத்தி, சுமங்கலிகள் வரிசையாக வந்து மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். அப்புறம்தான் மேஸ்திரி தூக்கி நிறுத்துவார். புருஷனை இழந்தவர்கள் அந்த நேரத்தில் பின்னால் ஒதுங்கிவிடுவது வழக்கம். யாரும் சொல்லக்கூட வேண்டாம், தாங்களாகவே போய்விடுவார்கள். அக்கா போக மாட்டார். சாலவாக்கம் ரோட்டில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார், முன்சுவரை இடித்துத் திறந்து வைத்திருந்த நேரத்தில், "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சுமங்கலிங்க வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

"இருக்கட்டும் சார். ஏழுமலை, கரணைய கீழ வெய்."

ஏழுமலை அவருடைய மேஸ்திரி, ஆரம்பத்திலிருந்து கூட இருப்பவர். எல்லோரும் லோடு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அது ஐப்பசி. வாத்தியார் வீட்டுக்கு முன்சுவரே இல்லை. தார்ப்பாய் கட்டிப் பார்த்தார், காற்று பிய்த்துக்கொண்டு போனது. தெருநாய்கள் ஹாலில் வந்து படுத்துக்கொண்டன. வேறு மேஸ்திரி யாரும் அந்த வேலையைத் தொட வரவில்லை. பாதிப்பேர் அக்காவிடம் தொழில் பழகியவர்கள், மீதிப்பேருக்கு அக்காவைத் தெரியும். கடைசியில் வாத்தியார் மழையோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றார்.

"மொத மஞ்சள் என் கை. இஷ்டம்னா சொல்லுங்க சார், வர்றேன்" என்றார் அக்கா.

வாத்தியார் தலையாட்டினார். அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. அக்கா எடுத்த வேலை என்றால் முதல் மஞ்சள் அக்காதான். போகப்போக, அந்தக் கை பட்டால் ராசி என்று சொல்கிறவர்கள்கூட வந்துவிட்டார்கள். ஒன்று கவனித்திருக்கிறேன். மஞ்சளைத் தொடுவதற்கு முன்னால் அக்கா தன் வலது உள்ளங்கையை விரித்து ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு புடவையில் துடைத்துக்கொள்வார். சிமெண்ட் அரித்த கை, வெடிப்பு எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த முதல் மஞ்சளுக்குப் பின்னால் இருந்த கதையை எனக்குச் சொன்னது ஏழுமலை. அக்காவின் மாமியார் வீடு சாலவாக்கத்துக்குப் பக்கத்தில். புருஷன் பம்புசெட்டில் கரண்ட் அடித்துச் செத்துப்போய்ச் சில மாசம்தான் ஆகியிருந்தது. புருஷனின் அண்ணன், அக்காவுக்கு மூத்தார், அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் ஏழுமலை கொத்தனார். வாசக்கால் வைக்கிற அன்றைக்கு மஞ்சளை அரைத்து எடுத்து வந்தது அக்காதான். வந்த வேகத்தில், பழக்க தோஷத்தில், தானும் வைக்கக் கையை நீட்டிவிட்டார். மூத்தார் பெண்டாட்டி, அதாவது அக்காவின் ஓரகத்தி, பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கை பட்டுத்தான் என் கொழுந்தன் மண்ணுக்குள்ள போனான். என் வூட்டுக்கும் வெக்கப் பாக்கறியா?"

ஊரே நின்று கேட்டிருக்கிறது. அக்காவை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் காய்ந்த கையோடு, சடங்கு முடிகிறவரை மாட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அன்று சாயந்திரமே ஒரு கட்டைப்பையோடு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "அப்ப சொல்ச்சி பாரு, இருக்கட்டும்னு. அதான் மொத தபா" என்றார் ஏழுமலை.

அதற்கப்புறம் சித்தாள் வேலைக்குப் போனதும், கலவை சுமந்ததும், தானே ஒரு வேலையைப் பேசி எடுத்ததும் எல்லாம் அந்த ஒரு வீட்டை மனசில் வைத்துக்கொண்டுதான். அவரே என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

"வூடுன்னு இருந்தா ஒரு நா இடிச்சி மாத்தித்தான் ஆவணும் தம்பி. அன்னைக்கு அவங்க என்னாண்ட வரணும். என்னெ உட்டா ஆளு இல்லன்னு ஆவணும். அந்த வாசக்கால நான்தான் பேத்து எடுப்பேன்."

"எடுத்து?"

"எடுத்துட்டு சொல்றேன்."

அந்தத் தெரு வழியாகப் போகும்போது எக்ஸெலின் வேகம் குறையும். திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிறகு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு பெண் கடைக்கு வந்தாள். கம்பெனி ஐடி கார்டு கழுத்தில் தொங்கியது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதற்குள் வீட்டை மாற்றணும் என்றாள்.

"மத்தவங்க பண்ண வூடெல்லாம் பாத்துட்டேண்ணா. எனக்கு எங்க சித்தி பண்ணாத்தான் வேணும். நீங்க கொஞ்சம் பேசுங்க."

யார் என்று விசாரித்தேன். அந்த ஓரகத்தியின் மகள். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. லோன் இவள் பெயரில். "உங்க அம்மா ஒத்துக்கிட்டாங்களா?" என்றேன்.

"அம்மா ஒரு வாரமா என்னாண்ட பேசல. அந்தச் சண்டையெல்லாம் எனக்கும் தெரியும்ணா. ஆனா எத்தினி நாளிக்கு?"

நான் போன் செய்ததும் அக்கா வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். இருக்கட்டும் என்பார் என்று பார்த்தால், அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்கு முட்டி வலி கீதா? கீழ குந்தி எழுந்திருக்க முடியுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், மறுவாரம் வேலை ஆரம்பமாகிவிட்டது.

எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது சாக்கில் வாரத்துக்கு ஒருதரம் அங்கே போய்விடுவேன். என்ன செய்யப்போகிறார்? சுவரைக் கோணலாக எழுப்புவாரா? ஓரகத்தி பாத்ரூமுக்கு வழுக்குகிற டைல்ஸ் போடுவாரா? ஒன்றும் நடக்கவில்லை. அந்த வீட்டுக்குச் செய்ததைப் போல அக்கா வேறெந்த வீட்டுக்கும் செய்ததில்லை. வழுக்காத டைல்ஸாக அவரே தேடி எடுத்தார். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி வைக்கச் சொன்னார். ஓரகத்தி மட்டும் கண்ணில் படவே மாட்டார். மகள் கையில் டீயைக் கொடுத்தனுப்புவார், அக்கா வாங்கிக் குடிப்பார், இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று எரிச்சல் வந்தது.

தை பிறந்து, வாசக்கால் வைக்கிற நாள் வந்தது. பழைய வாசக்காலை அக்கா சொன்னபடி தானே கடப்பாரை போட்டுப் பெயர்த்தெடுத்தார். புதுத் தேக்கு வாசக்கால், ரெட்டைக் கதவுக்கு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். சுமங்கலிகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வழக்கம் தெரியுமாதலால் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த வூட்டுக்கு மொத மஞ்சள் நான் வெக்கல. எங்க, இந்த வூட்டு அம்மா எங்க?"

ஓரகத்தி பின்னால் இருந்தார். அதே மாட்டுக் கொட்டகை. மாடு இப்போது இல்லை, சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தது. யாரும் அனுப்பவில்லை, காலையிலேயே தானாகப் போய் நின்றுகொண்டாராம். மகள் போய்க் கூட்டி வந்தாள். மணல் குவியல்வரை வந்து அதற்குமேல் கால் எடுத்து வைக்க மாட்டேன் என்றார்.

"நல்ல காரியத்துல நான் எதுக்கும்மா? அவங்க வெக்கட்டும்."

"அவங்க அப்பால வெக்கட்டும். மொத மஞ்சள் உன் கைதான்க்கா."

"வாணாம்மா. என் பொண்ணுக்கு ஆவாது. அன்னைக்கு நான் பேசுனது தப்புதான், உன் கால்ல வுழறேன்."

"கால்லல்லாம் வுழாத. ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு என் கை ஆவாதுன்ன. உன் கை ஆவுமா, ஆவாதா? சம்பந்தி வூட்டுக்காரங்க நிக்கிறாங்க, அவங்க காதுல வுழற மாதிரி சொல்லு. ஆவாதுன்னா வாசக்கா இப்படியே படுத்துக்கினு கெடக்கட்டும், நாங்க கெளம்பறோம்."

ஏழுமலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஓரகத்தி சம்பந்தியம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஆகாது என்றால் தன் வாயால் தன்னையே தள்ளிவைத்த மாதிரி. ஆகும் என்றால் கையை வைக்க வேண்டும். கடைசியில் மகள்தான் வந்து அம்மாவின் கையைப் பிடித்து மஞ்சளில் தோய்த்தாள். "வைம்மா. ஒண்ணும் ஆவாது." மஞ்சள் கோணலாகத் தேக்கில் இழுத்துக்கொண்டு போனது.

"ஏழுமலை, தூக்கு" என்றார் அக்கா.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றபோது, "அக்கா, நான் என்னென்னமோ நினைச்சேன். நீங்க மன்னிச்சிட்டீங்க" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பாய் பேசற?"

ஒரே நொடியில் நான் பாயாகிவிட்டேன்.

"அன்னைக்கு அவ என் கையப் புடிச்சி ஒண்ணு சொன்னா இல்ல, அதுலேர்ந்து எந்த வூட்ல எது ஆனாலும் நான் என் கையத்தான் பாத்துக்கினு கீறேன். சாரம் சரிஞ்சி ஒருத்தன் காலு ஒடிஞ்சா என் கை. மழையில செவுரு ஊறுனா என் கை. ராசின்னு ஊரு சொல்லுது, எனுக்கு உள்ள போவல. இனிமே அவ பாக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு ஒரு தலவலி வந்தா போதும், யாரும் ஒண்ணும் சொல்லவே வாணாம், அவளே அவ கையப் பாப்பா."

"அந்தப் பொண்ணு என்னக்கா பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. நல்லா இருப்பா. ஆவாதுன்னு எனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவங்கம்மாவுக்குத்தான் தெரியாது." மீதி டீயைக் குடித்துவிட்டு வண்டியை உதைத்தார்.

பழி வாங்குகிறவர்களைப் பிடிக்கும் என்று சொல்லித் திரிந்த எனக்கு அன்றைக்கு அந்த டீ இறங்கவில்லை.

கல்யாணம் உத்திரமேரூரில் மண்டபத்தில் நடந்தது. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் அட்சதையை எறிந்தார்கள். ஓரகத்தி மேடைக்கு ஓரமாகத் தூணை ஒட்டி நின்றிருந்தார். அவர் கையிலும் அட்சதை இருந்தது. எறியவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அரிசி முழுவதையும் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் கையில் கொட்டி, "நீ போடும்மா" என்றார். பெற்ற மகளுக்கு அவர் ஒரு மணி அரிசி போடவில்லை.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பந்திக்குப் போய்விட்டேன். அக்கா ஏற்கெனவே உட்கார்ந்து, இலையில் பாயசத்தை வலது கையால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அவர் பார்க்கவே இல்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"குந்து தம்பி" என்றார். "சூடா கீது, சாப்புடு."